பந்து கொடுக்க ஆள் எங்கே? போடி மலையடிவாரத்தில் கால்பந்து ரசிகர்கள் காரசாரம்!

போடி,

"கோல் அடிக்கிறதுக்கு ஆள் வாங்குறாய்ங்க. கோலைத் தடுக்கிறதுக்கு ஆள் வாங்குறாய்ங்க. நடுவுல நின்னு பந்தைப் பக்குவமாக் கொடுக்க ஒருத்தனைக் காட்டுங்க பார்ப்போம்! இருந்தா நான் இன்னைக்கே மொட்டை போட்டுக்கிறேன்!"

இப்படி ஒரு போடு போட்டார், ஏலக்காய் கமிஷன் கடை கணக்குப்பிள்ளை ஒருவர். வயது 50-க்கு மேல் இருக்கும். மொட்டை போடுவதற்குத் தலையில் அவ்வளவாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

இடம்: பொட்டிபுரம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. நேரம்: சாயங்காலம் 5 மணி. மலையில் வேலை முடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்ட ஜீப்புகள் இறங்கிக்கொண்டு இருந்தன. பெஞ்சில் 6 பேர். நின்றுகொண்டு 4 பேர். அத்தனை பேரும் பேசியது ஒரே விஷயம், சென்னையின் எப்.சி. கால்பந்து அணி.

முந்தின நாள் ராத்திரி அணி தோற்றிருந்தது. அது புதிய செய்தி ஒன்றும் இல்லை. எப்படித் தோற்றது என்பதில்தான் சண்டை.

பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்ததும், அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்ததும், வேலை நின்றுபோனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கால்பந்துக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டோம்.

"நியூட்ரினோவைக் கண்ணால பார்க்க முடியாதாம்ல? எல்லாத்துக்குள்ளயும் நுழைஞ்சு போயிருமாம். நம்ம டீம்ல பந்து கொடுக்கிறவனும் அப்படித்தான். இருக்கான்னு சொல்றாய்ங்க. ஒருத்தன் கண்ணுலயும் பட மாட்டேங்கிறான்" என்றார், பெஞ்சின் ஓரத்தில் இருந்த தையல்காரர்.

கடையே சிரித்தது. கணக்குப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

நீலமும் மஞ்சளும்

போடியில் கால்பந்து பார்க்கிறவர்கள் இரண்டு கட்சி. நீலச்சட்டை சென்னைக் கட்சி. மஞ்சள்சட்டை கொச்சிக் கட்சி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் கேரளா. பூப்பாறை, மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போவது சென்னைக்குப் போவதைவிடப் பக்கம். தினமும் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற ஜீப் டிரைவர்களில் பாதிப்பேர் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள்.

மலையில் கால்பந்து நேற்று வந்த விளையாட்டு அல்ல. மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே நடக்கும் பின்லே ஷீல்டு போட்டி, வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் ஒரு அணி. ஆடுகிறவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தப் போட்டி நடக்கிற நாட்களில் மலை முழுக்க அதே பேச்சாக இருக்கும். அந்தப் பேச்சுத்தான் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, டீக்கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் கணக்குப்பிள்ளை நீலக் கட்சி. கட்சி என்றால் சாதாரணக் கட்சி அல்ல, ரயில் ஏறிப்போய் ஆட்டம் பார்த்த கட்சி!

போடிக்கு வந்துகொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. அகலப்பாதை போட்டு ரயில் திரும்பி வந்தது 2023 ஜூன் 15-ந் தேதி. அன்றைக்கே சென்னை சென்டிரலுக்கும் வாரம் 3 நாள் எக்ஸ்பிரஸ் விட்டார்கள். ஏலக்காய் வியாபாரிகள் சந்தோஷப்பட்டார்கள். கணக்குப்பிள்ளையின் சந்தோஷத்துக்குக் காரணம் வேறு. சென்டிரலில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான்.

"ராத்திரி ஏறினா விடியக்காலம் சென்னை. பகல் பூரா சுத்திட்டு, சாயங்காலம் ஸ்டேடியத்துல போயி உக்காந்தேன். கடையில ரெண்டு நாள் லீவு. சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. வீட்டுல ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அவ்வளவு பாடுபட்டுப் போனா, 90 நிமிஷத்துல முன்னாடி நின்னவனுக்கு ஒழுங்கா ஒரு பந்து வரலையேப்பா! அவன் கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறான், பஸ்சை விட்டவன் மாதிரி!" என்றார் அவர்.

"அப்புறம் எதுக்கண்ணே போறீங்க? எங்க பக்கம் வந்துருங்க" என்று வம்புக்கு இழுத்தார் ஒரு ஜீப் டிரைவர். மஞ்சள் கட்சி.

"உங்க பக்கமா? கோப்பையை டி.வி.யில மட்டும் பார்த்த பக்கமாச்சே தம்பி அது!"

இந்த இடத்தில் டீக்கடைக்காரர் இருவருக்கும் நடுவில் டீ கிளாசை நீட்டாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ!

அந்த நாள் ஞாபகம்

கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையின் எப்.சி. பழைய கதையைப் புரட்டினால், நல்ல நாள் எல்லாம் நடுக்களத்தில் ஒரு மூளைக்காரன் இருந்த நாளாகவே இருக்கிறது.

ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கிய 2014-ல் சென்னைக்கு வந்தவர் பிரேசில் நாட்டு எலானோ. 2010 உலகக்கோப்பையில் ஆடியவர். நடுக்களத்து ஆட்டக்காரராக இருந்துகொண்டே 8 கோல் போட்டு, அந்த முதல் தொடரில் அதிக கோல் அடித்தவர் என்ற தங்கக் காலணியையும் வாங்கினார். 2015-ல் கொலம்பியாவின் மெண்டோசா 13 கோல் போட்டார். கோவாவில் நடந்த இறுதி ஆட்டம் ரசிகர்களுக்கு இன்றும் மனப்பாடம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்திவிட்டது. அதோடு முடிந்தது என்று பலர் டி.வி.யை அணைத்துவிட்டார்கள். ஆட்டம் முடிவதற்குள் சென்னை 2 கோல் போட்டு 3-2 என்று கோப்பையைத் தூக்கியது.

"அணைச்சவங்கள்ல நானும் ஒருத்தன்" என்று ஒப்புக்கொண்டார் தையல்காரர்.

அடுத்த கோப்பை 2018 மார்ச் 17-ந் தேதி. பெங்களூருக்கே போய், பெங்களூர் அணியை 3-2 என்று சாய்த்தார்கள். மூன்றாவது கோலைத் தூரத்தில் இருந்து உதைத்தவர், பிரேசில்காரர் ரபேல் அகஸ்டோ. நடுக்களத்தில் பந்து அவர் காலுக்கு வந்தால் ஆட்டம் ஒரு விநாடி நிற்கும், அப்புறம் வேறு திசையில் ஓடும்.

பிறகு வந்தவர் ரபேல் கிரிவெல்லாரோ. இவரும் பிரேசில். 2019-20 தொடரில் இவர் பந்து கொடுக்க, லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் கோல் அடிக்க, அணி இறுதி ஆட்டம் வரை போனது. வால்ஸ்கிஸ் அந்த வருஷம் 15 கோல். 2020 மார்ச் 14-ந் தேதி, கொரோனா பயத்தால் ஆளே இல்லாத கோவா மைதானத்தில் கொல்கத்தா அணியிடம் 3-1 என்று தோற்றார்கள்.

அடுத்த தொடரின் நடுவில் கிரிவெல்லாரோவின் கணுக்காலில் அடி. அவர் வெளியே போய்விட்டார். அந்தத் தொடரில் சென்னை ஆடியது 20 ஆட்டம். அடித்தது மொத்தமே 17 கோல். ஜெயித்தது 3. டிரா ஆனது 11!

"பதினொரு டிரா! எங்க கடையில ஏலக்காயைச் சலிக்கிறப்ப 8 மில்லிமீட்டர் சல்லடையில நிக்கிறது முதல் தரம். அதுக்குக் கீழே விழுகிறது அடுத்த தரம். ஆனா மேலயும் நிக்காம கீழயும் விழாம, சல்லடைக் கண்ணுல மாட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க சில காயி... அந்த வருஷம் நம்ம டீம் அதுதான்" என்றார் கணக்குப்பிள்ளை.

வாத்தியார் வந்தார்

இந்த நேரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். ஓய்வு பெற்றவர். போடி பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் 30 வருஷம் விசில் ஊதியவர். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு அவர் ஆரம்பித்ததும், கடையில் சத்தம் குறைந்தது. பலர் அவரிடம் படித்தவர்கள் என்பதால் இருக்கலாம்.

அவர் சொன்னதாவது:-

"நீங்க சொல்றது பாதி சரி. பாதி தப்பு. 2018-ல கோப்பை வாங்கினோம். அதே அகஸ்டோ, அதே கோச் ஜான் கிரகோரி. அடுத்த வருஷம் என்ன ஆச்சு? 10 டீம்ல பத்தாவது! 18 ஆட்டத்துல ரெண்டே ரெண்டு வெற்றி, 9 பாயிண்டு. பந்து கொடுக்கிறவன் இருந்தா ஜெயிச்சிருவோம்னா, அந்த வருஷம் ஏன் ஜெயிக்கலை?

"பெங்களூர்ல ஜெயிச்ச இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கங்க. முதல் ரெண்டு கோலும் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் தலையால முட்டினது. ரெண்டும் கார்னர் பந்து. அதுல நடுக்களத்து மூளை எங்கே வந்துச்சு?

"கிரிவெல்லாரோ வந்த வருஷத்தையும் மறந்துட்டீங்க. முதல் 4 ஆட்டத்துல சென்னை ஒரு கோல்கூட அடிக்கலை. அப்பவும் அவர் டீம்லதான் இருந்தாரு. டிசம்பர்ல கோச் மாறி, ஓவன் காயில் வந்தாரு. முன்னாடி இருக்கிறவங்களை ஓட விட்டாரு. ஓடுறவன் இருந்தாத்தான் கொடுக்கிறவனுக்கு வேலை. நிக்கிறவனுக்கு எப்படிப் பந்து கொடுக்கிறது? தபால் பெட்டியில போடுற மாதிரியா?"

இவ்வாறு அவர் கூறினார்.

கணக்குப்பிள்ளை விடவில்லை. "அப்ப 2024-25-ல? 13 டீம்ல பதினொண்ணாவது வந்தோமே, அதுக்கு என்ன சொல்றீங்க சார்?"

"அதுதான் எனக்குச் சாதகம்! அந்த வருஷம் கோனர் ஷீல்ட்ஸ் இருந்தாரு, ஸ்காட்லாந்துக்காரரு. அடுத்தவனுக்கு வாய்ப்பு உண்டாக்கிக் கொடுத்ததுல அந்தத் தொடர்லயே முன்வரிசை ஆள். பிரேசில்ல இருந்து பிரம்பில்லாவும் இருந்தாரு. பந்து போச்சு. கோல் ஆகலை. நீங்க டி.வி.யில பார்க்கிறப்ப கோலைப் பார்க்கிறீங்க, கோல் ஆகாத நல்ல பந்தைப் பார்க்க மாட்டேங்கிறீங்க."

ஜீப் டிரைவருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. "எங்க லூனாவைச் சொல்லுங்க சார்!" என்றார். உருகுவே நாட்டு ஆட்ரியன் லூனா 2021-ல் கொச்சிக்கு வந்தவர். சென்னை ரசிகர்களே பொறாமைப்பட்ட ஆட்டக்காரர்.

"சொல்றேன். லூனா வந்த முதல் வருஷமே கொச்சி இறுதி ஆட்டத்துக்குப் போச்சு. கோப்பை?"

டிரைவர் டீ கிளாசைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். 2014, 2016, 2022 என்று மூன்று இறுதி ஆட்டம். மூன்றிலும் தோல்வி.

யார் அந்த மூளைக்காரன்?

கால்பந்து பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இவர்கள் தேடுகிற ஆள், பெரும்பாலும் 10-ம் நம்பர் சட்டை போட்டவன். எதிரணியின் நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில் உள்ள சந்தில் நிற்பான். பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்த்து, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பான். பந்து வந்ததும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி தள்ளிவிடுவான். அரை விநாடி முந்தினால் ஆப்சைடு. அரை விநாடி பிந்தினால் பந்து பறிபோகும்.

இந்த வேலையைச் செய்கிற இந்தியர்கள் குறைவு. கோவாவில் பல வருஷம் ஆடிய பிராண்டன் பெர்னாண்டஸ், கேரளத்தின் சகல் அப்துல் சமது என்று எண்ணினால், ஒரு கை விரலைத் தாண்டுவது கஷ்டம். சென்னைக்கு வாய்த்தவர் டேராடூன்காரர் அனிருத் தாபா. 18 வயதில், 2016-ல் வந்தார். 7 வருஷம் இருந்தார். கேப்டன் ஆனார். 2023-ல் கொல்கத்தா மோகன் பகானுக்குப் போய்விட்டார்.

தமிழ்நாட்டுப் பையன்களும் நடுக்களத்தில் ஆடாமல் இல்லை. 2018 கோப்பை அணியில் வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்தார். நெய்வேலி எட்வின் சிட்னி 2019-ல் வந்தார். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை பெரும்பாலும் ஓடுவது, மறிப்பது, பந்தைப் பறிப்பது. பறித்த பந்தை அருகில் உள்ள வெளிநாட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

"அதுலதான் இருக்கு சூட்சுமம்" என்றார் வாத்தியார். "முதல்ல மைதானத்துல 6 வெளிநாட்டுக்காரர் ஆடலாம்னு இருந்துச்சு. 2017-ல 5 ஆச்சு. 2021-ல இருந்து 4. எண்ணிக்கை குறைஞ்சது நல்லதுதான். ஆனா குறைஞ்ச அந்த இடத்துல எதை நம்ம பையன் கையில விட்டாங்க? ஓரத்துல ஓடுற வேலையை. கோல் அடிக்கிற இடமும், நடுவுல இருக்கிற சாவியும் இன்னும் வெளியூர்க்காரன் இடுப்புலதான் தொங்குது. அந்த ஆள் காயம் பட்டுப் படுத்துட்டா, பூட்டைத் திறக்க ஆள் இல்லை. ஒவ்வொரு வருஷமும் புதுச் சாவி தேடுறோம்."

நமக்கும் இது சரியாகத்தான் படுகிறது. சென்னை பத்தாவது இடத்தில் கிடந்த அதே 2018-19-ல், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி எப்.சி. ஐ-லீக் பட்டத்தையே வாங்கியது. சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ். முன்னால் மான்சி 21 கோல். அவருக்குப் பின்னால் நெஸ்டர், சாண்ட்ரோ என்று இரண்டு ஸ்பெயின்காரர்கள் பந்தை ஊட்டிவிட்டார்கள். கூட ஓடிய பலர் நம் ஊர்ப் பையன்கள். அந்த ஸ்பெயின்காரர்கள் ஊருக்குப் போனதும் அணி சரிந்தது. 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை.

பூவும் தேனீயும்

இவ்வளவு நேரமும் பேசாமல் பீடியை உருட்டிக்கொண்டு இருந்தார் ஒரு பெரியவர். மலையில் 40 வருஷம் கங்காணியாக இருந்தவர். மூணாறு பக்கம் வேலை பார்த்த காலத்தில் பின்லே ஷீல்டு ஆட்டங்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்.

"நான் ஒண்ணு சொல்லலாமா சாமி?" என்றார்.

"சொல்லுங்க தாத்தா."

"ஏலச்செடியில பூ பூக்கும். அந்தப் பூவுக்கு ஆயுசு ஒரு நாள்தான். அதுக்குள்ள தேனீ வந்து உக்காரணும். உக்கார்ந்தா காய். இல்லைன்னா பூ உதிர்ந்துரும். செடி நல்லா இருக்கும், தண்ணி இருக்கும், உரம் இருக்கும், ஆனா காய் பிடிக்காது. மொதலாளி செடியைப் பிடிச்சுத் திட்டுவாரு. அப்புறம் விவரம் தெரிஞ்சவன் வந்து தேனீப் பெட்டி வச்சா, காய் பிடிக்கும்.

"ஆனா பெட்டி வாங்கி வச்சா மட்டும் போதாது. கண்ட மருந்தையும் அடிச்சா அந்தத் தேனீயும் செத்துரும். அப்புறம் அடுத்த வருஷம் இன்னொரு பெட்டி வாங்கணும். நீங்க பேசுறது அதுதானே?"

வாத்தியார் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். தையல்காரர் பெரியவருக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தார்.

கண்மாயில் ஒரு பையன்

விவாதம் இத்தோடு முடிந்திருந்தால் இந்தச் செய்திக்கு அவசியமே இருந்திருக்காது. டீக்கடை விவாதம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

விஷயம் இதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. அதற்குக் காரணம் ஒரு பையன். பிளஸ்-1 படிக்கிறான். தாயார் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலை பார்க்கிறார். தகப்பனார் இல்லை. கண்மாய் காய்ந்து கிடக்கிற மாதங்களில் அதுதான் ஊர்ப் பிள்ளைகளுக்கு மைதானம். அங்கே இந்தப் பையன் ஆடுவதை நாம் பார்த்தோம்.

ஓட்டம் அதிகம் இல்லை. ஒல்லி உடம்பு. ஆனால் பந்து வருவதற்கு முன்னால் இரண்டு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறான். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையாம். வெடிப்பு விட்ட கரம்பையில் பந்து எப்படிக் குதிக்கும் என்று தெரிந்து, குதிக்காத பக்கமாகத் தள்ளிவிடுகிறான். அவன் கொடுத்த பந்தில் மற்ற பையன்கள் கோல் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுற்றுகிறார்கள். இவன் அடுத்த பந்துக்காக நடுவுக்கு நடந்துபோகிறான்.

அவனுக்கு மதுரையில் ஒரு தேர்வு. விளையாட்டு விடுதியில் சேர்ப்பதற்காக ஆட வைத்துப் பார்ப்பார்கள். தேர்வானால் தங்குவது, சாப்பாடு, படிப்பு எல்லாம் கிடைக்கும். பின்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கும் வழி உண்டு. அவன் வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

டீக்கடைக்கு வந்தவனைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை கேட்டார்:-

"தம்பி, மதுரையில எந்த இடத்துல ஆடப் போறே?"

"நடுவுலண்ணே."

"அட கிறுக்கா! முன்னாடி நில்லுடா! ஒரு கோல் அடிச்சாத்தான் பேரை எழுதுவாய்ங்க. நடுவுல நின்னா உன்னை எவன் பார்ப்பான்?"

கடை அமைதியானது. பீடித் தாத்தா மெல்லத் தலையைத் தூக்கினார்.

"ஏப்பா கணக்கு! இவ்வளவு நேரமா நடுவுல ஆள் இல்லை, ஆள் இல்லைன்னு நீதானே தொண்டை கிழியக் கத்துனே? இப்ப இருக்கிற ஒருத்தனையும் முன்னாடி தள்ளுறியே!"

கணக்குப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:-

"தாத்தா, டீம் தோத்தா நான் ஒரு ராத்திரி சோறு திங்க மாட்டேன், அவ்வளவுதான். இவன் தோத்தா ஏலக்காய் மூட்டை தூக்கணும். அதான் சொன்னேன்."

அதற்குமேல் அவரை யாரும் கேலி செய்யவில்லை.

வாத்தியாரே இதில் திண்டாடிப் போனார். "தேர்வுல ஒரு அணிக்குக் கால் மணி நேரம், இருபது நிமிஷம் கொடுப்பாங்க" என்றார் அவர். "முன்பின் தெரியாத பத்துப் பேரோட ஆடணும். எவன் எங்கே ஓடுவான்னு தெரியாது. எல்லாப் பயலும் பந்தைத் தானே கொண்டுபோகப் பார்ப்பான். கோல் அடிச்சவனைக் கண்ணுக்குத் தெரியும். உடம்பு பெருத்தவனைக் கண்ணுக்குத் தெரியும். வேகமா ஓடுறவனைக் கடிகாரத்துல பிடிச்சுரலாம். பார்த்துப் பந்து கொடுக்கிறவனை அளக்கிற கருவி கிடையாது. பார்க்கிறவருக்கு அது தெரிஞ்சிருந்தா உண்டு. 30 வருஷத்துல இந்த மாதிரி நாலஞ்சு பையன்களை நானே முன்னாடி நிக்கச் சொல்லி அனுப்பியிருக்கேன். பாவம்தான். ஆனா அதுல ரெண்டு பேருக்கு வேலை கிடைச்சுது. நான் என்னத்தைச் சொல்ல?"

ஜீப் டிரைவர், "முன்னாடியே நிக்கட்டும் சார்" என்றார். நீலமும் மஞ்சளும் அன்றைக்கு ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பையனின் தாயாரிடம் கேட்டோம். ஸ்டோர் வாசலில், சுளகில் காயைக் கொட்டி, வெடித்த காய் வேறு, நிறம் போன காய் வேறு என்று பொறுக்கிக்கொண்டே பேசினார். கண் எங்கள் பக்கம் திரும்பவில்லை. விரல் நிற்கவில்லை.

"எனக்கு பந்தைப் பத்தி என்னய்யா தெரியும்? எங்க நின்னா சோறு கிடைக்குமோ அங்க நிக்கட்டும். ஆனா ஒண்ணு. அவன் நடுவுல ஆடிட்டு வந்தா அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே சாப்பிடுவான். முன்னாடி நிக்க வச்சா மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வருவான். அது மட்டும் தெரியும்" என்றார்.

லீக் நின்ற வருஷம்

இந்தப் பையன்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்பது இன்னொரு கவலை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியையே நிறுத்திவைத்தார்கள். கால்பந்து சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்தும் கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் முடிகிற நேரம். அடுத்தது யார், எப்படி என்று முடிவாகவில்லை. செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஆட்டம், கோர்ட்டு, கூட்டம் என்று இழுத்து 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு ஒரே ஒரு தடவை மோதும் சின்னத் தொடர். காயில் போய்விட, சென்னைக்குக் கோவாவின் கிளிபோர்டு மிராண்டா கோச்சாக வந்தார்.

அந்த இடைப்பட்ட மாதங்களில் டீக்கடையில் என்ன பேசினீர்கள் என்று கேட்டோம்.

"கிரிக்கெட்டு" என்றார் தையல்காரர், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

மதுரையில் நடந்தது

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்சுக்குப் பையன் கிளம்பினான். ஜீப் டிரைவர் அவனை ரோட்டில் இருந்து போடி பஸ் நிலையம் வரை ஏற்றிவந்து விட்டார். கூலி வாங்கவில்லை. பழைய பூட்சுக்குப் புதுக் கயிறு, தையல்காரர் செலவு. கணக்குப்பிள்ளை ஐந்நூறு ரூபாய்த் தாளைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு, எந்த இடத்தில் ஆட வேண்டும் என்பதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லையாம்.

இருட்டிய பிறகு திரும்பி வந்தான். டீக்கடையில் கூட்டம் காத்திருந்தது.

"எங்கடா நின்னே?" வாத்தியார்தான் முதலில் கேட்டார்.

"நடுவுல சார்."

"பந்து வந்துச்சா?"

"முதல்ல யாரும் கொடுக்கலை. அப்புறம் நானே போய் வாங்கினேன். மூணு பந்து நல்லாக் கொடுத்தேன். ரெண்டு கோல் ஆச்சு. அடிச்ச ரெண்டு பேரோட பேரையும் எழுதிக்கிட்டாங்க."

கணக்குப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"முடிஞ்சு சட்டையை மாத்துறப்ப ஒருத்தர் வந்தாரு. வயசானவர். அந்த மூணாவது பந்தை ஏன் இடது பக்கம் கொடுத்தேன்னு கேட்டாரு. வலது பக்கத்துப் பையன் முழிச்சுக்கிட்டு நின்னான், இடது பக்கத்துப் பையன் ஓட ஆரம்பிச்சுட்டான், அதனால கொடுத்தேன்னு சொன்னேன். எந்த ஊருன்னு கேட்டாரு. பொட்டிபுரம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"நியூட்ரினோ ஊரான்னு கேட்டாரு."

"அதை விடுறா! பேரை எழுதினாரா இல்லையா?"

பையன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்:-

"தெரியலைண்ணே. கையில பேனா இருந்துச்சு."